ஏழு வரிச் செய்தி

கடந்த மார்கழியில் ஒரு நாட் காலை. பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி ஒலித்தது. அறியாத இலக்கம். ஓய்வுபெற்ற பத்திரிகையாளனுக்கு அறியாத இலக்கங்களிலிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்க வருமாறு கேட்பவை. மற்றது, தெரிந்தவர் ஒருவர் காலமான செய்தி. இது இரண்டுமல்ல.

"ஐயா, நீங்கள்தானே முந்தி பிரதேசச் செய்திப் பக்கம் பார்த்தனீங்கள்?"

ஆம் என்றேன்.

"2005ஆம் ஆண்டு பங்குனி மாதம் எங்கட பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிச் செய்தி போட்டனீங்கள். ஏழு வரி. கொழும்பில சுவடிகள் திணைக்களத்துக்குப் போய்த் தேடி எடுத்துப் பார்த்திட்டன். நான் எழுதி அனுப்பினது மூண்டு பக்கம் ஐயா. மிச்சம் உங்களிட்டை எங்கையாவது கிடக்குமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. கடன் கொடுத்த குடையைத் திருப்பிக் கேட்பவரின் கூச்சந்தான் இருந்தது. பேசியவர் வெள்ளாங்குளம் பகுதியில் ஒரு பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்நாளில் எங்கள் பத்திரிகைக்கு அவ்வப்போது செய்தி எழுதி அனுப்பியவர். சம்பளம் இல்லை, செய்தி வந்தால் அந்தப் பிரதி ஒன்று தபாலில் போகும், அவ்வளவுதான். பாடசாலையின் பெயரையும் தம்முடைய பெயரையும் எழுத வேண்டாமென்று பின்னர் அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே இக்கட்டுரையில் அவர் 'மாஸ்டர்' மட்டுமே.

இருபது ஆண்டுகளுக்கு முந்திய மூன்று தாள்களை நான் எங்கே தேடுவேன்? திருத்தி முடித்த கையெழுத்துப் பிரதிகள் எங்கள் காரியாலயத்தில் ஒரு கம்பியிற் குத்தப்படும். கம்பி நிறைந்ததும் கூடைக்குப் போகும். கூடை எங்கே போகும் என்று எவரும் கேட்டதில்லை. இதை அவரிடம் சொன்னேன். "ஓம் ஐயா, அது தெரியும். கேட்டுப் பார்ப்பம் எண்டுதான்" என்றார்.

அழைப்பு முடிந்துவிட்டது. என் தேநீர் ஆறிவிட்டது.

பாடசாலைச் செய்திகளைப் பற்றி வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் பிரதேசப் பக்கம் பார்த்தவனுக்குத்தான் அதன் இலக்கணம் தெரியும். ஆண்டு முழுவதும் அவை பருவக் காற்றைப்போல முறை தவறாமல் வரும். தையில் பொங்கல் விழாவும், முதலாந் தரத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் கால்கோள் விழாவும். மாசியிலும் பங்குனியிலும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள். பிறகு தமிழ்மொழித் தினப் போட்டி, ஆங்கில தினப் போட்டி. புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்தால் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்கள். புரட்டாதியில் வாணி விழா. ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம். மார்கழியில் ஒளி விழா. இடையிடையே சிரமதானம், பிரியாவிடை, சேவைநலன் பாராட்டு. ஒவ்வொன்றும் 'வெகு சிறப்பாக' நடைபெறும். சிறப்பின்றி நடைபெற்ற பாடசாலை விழா ஒன்றைப் பற்றிய செய்தி முப்பத்தைந்து ஆண்டுகளில் என் மேசைக்கு வந்ததே இல்லை!

அச்செய்திகளின் கட்டமைப்பும் மாறாதது. அதிபர் தலைமையில் என்று தொடங்கும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று மூன்று படிகள். வலயக் கல்விப் பணிப்பாளர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், பிரதேச செயலாளர், பங்குத்தந்தை, கோவிற் பரிபாலன சபைத் தலைவர், கூட்டுறவுச் சங்கத் தலைவர். மங்கல விளக்கேற்றல். மாலை அணிவித்தல். பாண்ட் வாத்தியம். பிள்ளைகள் வருவது கடைசியில்தான். படமும் அப்படியே. முன்வரிசையில் விருந்தினர் அமர்ந்திருப்பர். பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால் தலைகளாகத் தெரிவர்.

இடம் குறைந்தால் உதவி ஆசிரியர் செய்தியின் அடியிலிருந்து வெட்டுவார். அதுதான் தொழில் எங்களுக்குக் கற்றுத் தந்த முறை. முக்கியமானது மேலே, முக்கியமற்றது கீழே. மேலே விருந்தினர் இருப்பதால் அவர்கள் தப்பிவிடுவார்கள். அடியில் இருப்பவை பிள்ளைகளின் பெயர்கள். இத்தனை ஆண்டுகளில் நான் வெட்டிய பிள்ளைகளின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் ஒரு பத்திரிகை முழுவதும் நிரம்பும் போலிருக்கிறது. விருந்தினர் பெயரை வெட்டினால் மறுநாள் தொலைபேசி வரும். பிள்ளையின் பெயரை வெட்டினால் எவரும் எடுக்க மாட்டார்கள். இருபது ஆண்டு கழித்து எடுப்பார்கள் என்று அப்போது தெரியவில்லை.

மாஸ்டரின் அந்த மூன்று பக்கங்கள் எனக்கு ஓரளவு நினைவிருந்தன. அழைப்பு வந்த அன்று இரவு படுத்துக் கிடந்தபோது ஒவ்வொன்றாக மேலெழுந்தன. சதுரக் கோடிட்ட கணிதக் கொப்பித் தாள். நீல மை. எழுத்துகள் அச்சுக் கோத்தவை போலிருக்கும். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. போர்நிறுத்தக் காலம் அது. மன்னார்ப் பக்கத்தில் உயிலங்குளம் சோதனைச் சாவடி திறந்திருந்தது. வன்னிக்குள்ளிருந்து வருபவர் எவரிடமாவது கொடுத்தனுப்பி, மன்னார் நகரில் தபாலிற் சேர்க்கச் சொல்வார். கடித உறையில் தபால் முத்திரைக்குப் பக்கத்தில் மடிப்பு அழுக்கு இருக்கும். அந்த அழுக்கைப் பார்த்தே அது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று சொல்லிவிடலாம்.

எழுதும் முறையிலும் அவர் மற்றவர்களைப்போல் இல்லை. விருந்தினர்களைப் பற்றி ஒரே வாக்கியம். பிறகு ஆழிப்பேரலையில் இறந்தோருக்காக இரண்டு நிமிட மௌன அஞ்சலி. (2004 மார்கழி 26 கழிந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை, முல்லைத்தீவுக் கரையில் அழிவு நேர்ந்தபோது மன்னார்க் கரை பெரும்பாலும் தப்பியிருந்தது.) அதன்பின் பிள்ளைகள். வள்ளுவர், இளங்கோ, கம்பர் என்று இல்லங்கள். பனையோலையால் ஒருவரும், கரைவலைத் துண்டால் ஒருவரும், வைக்கோலால் ஒருவருமாக இல்லக் கூடாரங்களை அலங்கரித்திருந்தார்கள். விவசாயப் பிள்ளைகளும் கடற்றொழிலாளர் பிள்ளைகளும், மலையகத்திலிருந்து 1977 வன்செயலின் பின் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் இடம் அல்லவா, அவரவர் வீட்டில் கிடைத்தது கூடாரமாயிற்று. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முதல் மூவர் பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு. மெதுவான சைக்கிள் ஓட்டத்தில் வென்றவர் யாரென்றும், பெற்றோருக்கான கயிறிழுத்தலில் அம்மாமார் பக்கம் வென்றதென்றும் எழுதியிருந்தார். ஒரு பெயரின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு. ஈட்டி எறிதலில் பாடசாலைச் சாதனையை முறியடித்த ஒரு பையன்.

சிவப்புக் கோடு நினைவிருக்கிறது. பெயர் நினைவில்லை.

அந்தப் பின்னேரம் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு விளம்பரம் வந்து இறங்கியது. சேலைக் கடையா மரண அறிவித்தலா என்று இப்போது சொல்ல முடியவில்லை. எதுவானாலும் காசு கொடுத்து வந்தது. ஏழு வரிக்குமேல் இடமில்லை. ஏழு வரிக்குள் அதிபரும் பிரதம விருந்தினரும் ஒரு பணிப்பாளரும் சௌகரியமாக அமர்ந்துகொண்டார்கள். அடியிலிருந்து வெட்டினேன்.

இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. பேனை என் கையில் இருந்தது.

பிறகு நடந்ததைப் பலரும் அறிவார்கள். ஆனாலும் இடங்களின் பெயரோடு ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. 2008 ஜனவரி 29ஆம் திகதி மடுப் பிரதேசத்தில் பாடசாலைப் பிள்ளைகள் வந்த பஸ் ஒன்று கிளைமோரில் சிக்கியது. பதினொரு மாணவர்கள் உட்படப் பலர் இறந்தனர். ஏப்ரல் தொடக்கத்தில் மடு மாதாவின் திருச்சொரூபத்தை, பாதுகாப்புக் கருதி, வெள்ளாங்குளத்துக்கு அயலிலுள்ள தேவன்பிட்டித் தேவாலயத்துக்குக் கொண்டு வந்தார்கள். மாதாவே இடம்பெயர்ந்து தங்கள் ஊருக்கு வந்துவிட்டாள் என்று அழுத மக்களே நான்கு மாதத்துக்குள் தாங்களும் பெயர வேண்டியதாயிற்று. யூலை 16இல் விடத்தல்தீவு, 20இல் இலுப்பைக்கடவை, ஓகஸ்ட் தொடக்கத்தில் வெள்ளாங்குளம். மன்னார் மாவட்டத்தில் இராணுவம் கடைசியாகக் கைப்பற்றிய இடங்களில் அதுவும் ஒன்று. மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். ஜெயபுரம், அக்கராயன், கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். ஊர்ப் பெயர்களை இப்படி ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் இடையில் ஒரு மர நிழல் இருந்தது. அங்கே கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் பாடசாலை நடந்தது.

மாஸ்டர் அந்த நாட்களில் மூன்று பொருட்களைக் காப்பாற்ற முயன்றார். சேர்வு இடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், விளையாட்டுப் போட்டிப் பதிவேடு. உழவு இயந்திரப் பெட்டியில் யூரியாப் பையொன்றுக்குள் கட்டிக் கொண்டு போனார். தர்மபுரம் வரை மூன்றும் இருந்தன. மழையில் விளையாட்டுப் பதிவேடு ஊறிப்போயிற்று. புதுக்குடியிருப்புக்கு அப்பால் பையைத் தூக்க முடியவில்லை. மனைவியையும் தாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பதுங்குகுழி ஒன்றின் வாசலில் வைத்துவிட்டு நடந்தார். "திரும்பி வந்து எடுப்பம் எண்டு நினைச்சன் ஐயா. நான் மட்டுமில்லை, எல்லாரும் எதையோ அப்பிடித்தான் வைச்சிட்டு வந்தவை."

இடாப்பு என்பது வெறும் தாளல்ல என்பதை மன்னார் மறைமாவட்டத்தில் ஒருவர் நன்றாக அறிந்திருந்தார். ஆயர் இராயப்பு ஜோசப். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் அவர் சமர்ப்பித்தது ஒரு கழித்தற் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவுப்படி வன்னியில் இருந்தோர் 4,29,059 பேர். அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்கில் உள்ளோர் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679. இவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். இந்த எண்ணிக்கை கூடியது, குறைந்தது என்று வாதிட்டவர் பலர். 2021 ஏப்ரலில் அவர் மறையும் வரை முறையான பதில் மட்டும் வரவில்லை. கச்சேரி எழுதுவினைஞர்களின் பதிவுகள் இல்லாதிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்திராது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

இதே கரையில் இடாப்பிலிருந்து பெயர்கள் மறைந்தது அதுவே முதற்றடவையும் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலும் விடத்தல்தீவிலும் எத்தனை வகுப்புகளில் பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே கோடு விழுந்திருக்கும்! அவர்கள் புத்தளத்து அகதி முகாம்களில் வேறு இடாப்புகளில் ஏறினார்கள். அந்த வெளியேற்றத்தை அக்காலத்தில் எங்கள் பத்திரிகைகள் எத்தனை வரியில் வெளியிட்டன என்பதை நினைத்தால் எனக்கு மாஸ்டரின் ஏழு வரியே தாராளமாகத் தோன்றுகிறது.

மாசி மாதத்தில் புறப்பட்டுப் போனேன். மன்னாரிலிருந்து ஏ32 வீதியில் பூநகரி நோக்கிச் செல்லும் பஸ். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போக இது நேர்வழி. முன்பு இவ்வீதியில் போனவர்களுக்குத் தெரியும், வீதி என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். இப்போது காப்பெற். ஓட்டுநர் பாட்டுப் போட்டுக்கொண்டு பறக்கிறார். பாப்பாமோட்டை, விடத்தல்தீவு, பள்ளமடு, இலுப்பைக்கடவை. இடது கைப்பக்கம் கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காற்றில் இருக்கும். வலது பக்கம் வயல்கள், குளக்கட்டுகள், பாலைமரங்கள். பாலியாற்றைக் கடந்தபோது அதில் மாரி வெள்ளத்தின் மிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளாங்குளம் சந்தியில் துணுக்காய் வீதி பிரிகிறது. சந்தியில் இறங்கியபோது மாஸ்டர் சைக்கிளோடு நின்றார். எழுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட எழுத்துதான் எனக்குத் தெரியும், ஆளை இப்பதான் பாக்கிறன்" என்றார். நானும் அதையேதான் சொல்ல இருந்தேன்.

பாடசாலையில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் போட்டி. மாணவர் தொகை முன்னரைவிடக் குறைவு என்றார் மாஸ்டர். வசதி உள்ளவர்கள் மன்னார் நகரத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பிள்ளைகளை அனுப்பி விடுகிறார்கள். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க வேண்டுமானால் வேறு வழியும் இல்லை. மடு வலயத்துக்கு நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியர்கள் கஷ்டப் பிரதேச சேவைக் காலத்தை எண்ணிக்கொண்டிருந்து, முடிந்ததும் மாற்றம் கேட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்து, பின்னேரம் திரும்பிப் போகும் ஆசிரியைகளை நானே அந்த பஸ்ஸில் பார்த்தேன். ஒருவர் கொப்பி திருத்திக்கொண்டு வந்தார். 2020இல் தொற்றுக்காகவும் 2022இல் எரிபொருள் இல்லாமலும் பாடசாலைகள் பூட்டப்பட்ட பிறகு கடலுக்குப் போகத் தொடங்கிய பையன்களில் சிலர் வகுப்புக்குத் திரும்பவில்லையாம். இவற்றை மாஸ்டர் புள்ளிவிபரம் சொல்வதுபோல் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் வீட்டுப் பெயரோடு சொன்னார்.

வீட்டில் அவர் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதுதான் அழைப்பின் காரணம். பாடசாலைக்கு மலர் ஒன்று வெளியிடப் பழைய மாணவர்கள் விரும்புகிறார்கள். பழைய பதிவு ஒன்றுமில்லை. ஆகவே மாஸ்டர் 2005 விளையாட்டுப் போட்டியை நினைவிலிருந்து திரும்பக் கட்டத் தொடங்கியிருந்தார். 2005ஐ ஏன் தெரிந்தார் என்று கேட்டேன். "அந்த முறைதான் எல்லாரும் ஓடினவை" என்றார். அடுத்தடுத்த ஆண்டுகளில் பெரிய வகுப்புகளில் கதிரைகள் வெறுமையாகத் தொடங்கிவிட்டன. ஏன் என்பதை அக்காலத்து வன்னியை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொப்பியில் பக்கத்துக்கு ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொன்றின் கீழும் 1, 2, 3 என்று மூன்று கோடுகள். ஊரிலுள்ளவர்களிடம் நேரிற் கேட்டிருக்கிறார். தேவன்பிட்டியில் கரைவலை இழுக்கும் ஒருவர், முழங்காவிலில் கடை வைத்திருப்பவர், ரொறன்ரோவில் இரவு வேலை செய்யும் ஒரு பெண், பாரிஸில் ஒருவர், இலண்டனில் இருவர் என்று வைபரில் அழைத்துக் கேட்டிருக்கிறார். மனிதர்களின் ஞாபகம் விசித்திரமானது. எவருக்கும் தாங்கள் முதலாவதாக வந்தது இலேசாக மறந்திருக்கிறது. இரண்டாவதாக வந்தது மட்டும் மறக்கவில்லை. ரொறன்ரோப் பெண், 200 மீற்றரில் தான் இரண்டாவது என்றும், முதலாவதாக வந்தவள் தன்னுடைய ஓடுபாதையை விட்டு உள்ளே வந்தாள் என்றும், அன்றைக்கே தீர்ப்பாளரிடம் முறையிட்டதாகவும் அரை மணி நேரம் பேசினாளாம். தீர்ப்பாளர் மாஸ்டரேதான்! "இப்ப அவவுக்கு ரெண்டு பிள்ளையள். மேன்முறையீடு மட்டும் முடியேல்லை" என்று சிரித்தார்.

மெதுவான சைக்கிள் ஓட்டத்துக்கு மூன்று பேர் உரிமை கோரியிருந்தார்கள். கடைசியாக வருபவர் வெல்லும் போட்டி அது. எவர் கடைசி என்பதில் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை.

சில பெயர்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவை கூடின. ஆண்கள், 17 வயதின் கீழ் என்ற பக்கங்களிலேதான் அதிகம். கேட்டேன்.

"அவையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை ஐயா. இருக்கினமோ இல்லையோ எண்டு வீட்டுக்காரருக்கும் தெரியாது. பேனையால எழுத மனம் வரேல்லை."

அந்நேரம் படலையைத் திறந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். நான் வருவதை மாஸ்டர் சொல்லியிருக்க வேண்டும். கையில் ஒரு சொப்பிங் பை. திண்ணையில் அமர்ந்தார். ஈட்டி எறிதலில் முதலாவதாக வந்த பையனின் தாய். அவன் 2009 மாசி மாதம் வரை அவருடன் இருந்தான். அதன் பின் இல்லை. பையிலிருந்து கடதாசிகளை எடுத்து எனக்குக் காட்டினார். காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி. அதற்கு முன் இருந்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. அதற்கும் முன் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எழுதிக் கொடுத்தது. கிளிநொச்சியில் 2017 மாசியில் தொடங்கிய வீதியோரப் போராட்டத்தில் அவர் எத்தனையோ நாட்கள் இருந்திருக்கிறார். எல்லாக் கடதாசியிலும் மகனின் பெயர் இருந்தது. எல்லாம் அவன் இல்லாமற்போன பிறகு எழுதப்பட்டவை.

"பள்ளிக்கூடத்தில படிச்சதுக்கு ஒரு துண்டு கூட இல்லை ஐயா. எல்லாம் அங்கதான் விட்டது. ஈட்டி எறிஞ்ச முறை அவன்ர பேர் பேப்பரில வந்தது எண்டு ஆரோ சொன்னவை. நான்தான் மாஸ்டரைக் கொழும்புக்குப் போகச் சொல்லி ஆக்கினைப்படுத்தினது. மாஸ்டர் வந்து இல்லை எண்டார். நீங்கள் அந்தப் பேப்பரில இருந்தனீங்களாம். வடிவா நினைச்சுப் பாருங்கோ. வேற நாளில வந்திருக்குமோ?"

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஏன் வரவில்லை என்பதை அவர் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

"வேறு நாளிலும் வரவில்லை அம்மா. மாஸ்டர் எழுதி அனுப்பியிருந்தார். பெயருக்குக் கீழே சிவப்புக் கோடும் போட்டிருந்தார். நான்தான் இடமில்லையென்று வெட்டினேன்."

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கடதாசிகளை ஒழுங்காக அடுக்கிப் பைக்குள் வைத்தார். பிறகு, "சிவப்புக் கோடு போட்டிருந்ததோ?" என்று மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டர் தலையாட்டினார். "இடம் இல்லாட்டி நீங்கள் என்ன செய்யிறது" என்றார் என்னிடம். அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எழுந்து போய் மாஸ்டரின் மனைவியோடு குசினியில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தவரும் அவரே.

என் தொழில் வாழ்க்கையில் வழக்கறிஞர் கடிதங்கள் வந்திருக்கின்றன. மிரட்டல்கள் வந்திருக்கின்றன. 1981 யூன் 1ஆம் திகதி யாழ்ப்பாண நூலகத்தோடு 'ஈழநாடு' காரியாலயமும் எரிந்த செய்தியைக் கேட்டு, எரிந்துபோன பழைய இதழ்களுக்காகக் கலங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எங்கள் ஆவணங்களை எரித்தவர்களைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அன்று அந்தத் திண்ணையில் அவற்றில் ஒரு வரியும் எனக்கு உதவவில்லை.

புறப்படும்போது மாஸ்டர் கொப்பியை நீட்டி, சிவப்புக் கோட்டைப் பற்றி நான் நினைவுகூர்ந்ததை எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். ஈட்டி எறிதல் பக்கத்தில், 2005 பங்குனியில் இப்பெயர் அடங்கிய செய்தியை நான் கண்டேன் என்றும், அதை வெளியிடாது விட்டது நானே என்றும் எழுதி, திகதியிட்டுக் கையொப்பமிட்டேன். அதை ஒரு படம் எடுத்துத் தரும்படி அம்மா கேட்டார். பையிலுள்ள கடதாசிகளோடு அதுவும் சேர்ந்திருக்கும்.

இங்கே வாசகர்களுக்கு, குறிப்பாகத் தூர தேசங்களில் இருப்போருக்கு, ஒரு வேண்டுகோள். 2008க்கு முன் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளில் பெற்ற சான்றிதழ், தேர்ச்சி அறிக்கை, வகுப்புப் படம், விழா அழைப்பிதழ், பழைய மலர், பத்திரிகைத் துண்டு எதுவாயினும் உங்கள் அலுமாரிகளில் இருந்தால் வருடி எடுத்து உங்கள் பழைய அதிபருக்கோ ஆசிரியருக்கோ அனுப்புங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பலாம். பாடசாலை மலர்களும் அங்கே சேர்கின்றன. இடாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களால் அதைக் கடைசி வரை தூக்க முடியவில்லை. ஆனால் 2005க்கு முன்னரே வெளிநாட்டுக்குப் போனவர்களின் பெட்டிகளில் ஏதேனும் தப்பியிருக்கக் கூடும்.

இரண்டு வாரம் கழித்து மாஸ்டரிடமிருந்து வைபரில் மூன்று படங்கள் வந்தன. சதுரக் கோடிட்ட தாள், நீல மை. இந்த ஆண்டு விளையாட்டுப் போட்டிச் செய்தி. அதே ஒழுங்கு: விருந்தினருக்கு ஒரு வாக்கியம், மிகுதி முழுவதும் பிள்ளைகள். பிரதேசப் பக்கத்தை இப்போது பார்ப்பவர் ஒரு காலத்தில் என்னிடம் தொழில் பழகியவர். அவருக்கு அனுப்பி வைத்தேன். மாலையில் எடுத்தார்.

"சேர், 2022இல கடதாசி விலை ஏறினதோட பக்கங்களைக் குறைச்சது உங்களுக்குத் தெரியும்தானே. அதுக்குப் பிறகு கூட்டவே இல்லை. ஏழெட்டு வரிக்குத்தான் இடம் இருக்கு."

"நல்லது. விருந்தினரை வெட்டு. முதலிடம் பெற்ற பிள்ளைகளின் பெயரை மட்டும் போடு."

"வலயத்தில இருந்து எடுப்பினம், சேர்."

"எடுத்தால் என் இலக்கத்தைக் கொடு."

மறுநாட் காலை செய்தி வந்திருந்தது. எட்டு வரி. பதினொரு பிள்ளைகளின் பெயர்கள், முதலெழுத்தோடு. ஒன்பதரை மணியளவில் அறியாத இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. பிரதம விருந்தினர்தான்.